கடைசி ஆளின் குரல்

"வேட்டி தாங்காது சாமி, வேற ஏதாச்சும் இருந்தா குடு" என்று மருதாசலம் சொல்லி முடிக்கும் முன்பே கம்பில் கட்டித் தூக்கியிருந்த அது நடுவில் டர்ரென்று கிழிந்தது. கம்பின் முன்முனையைத் தோளில் வைத்திருந்தவன் தடுமாறி முட்டி போட்டான். சூசைமாணிக்கத்தின் உடம்பு ஒருபக்கமாகச் சரிந்து, தலை பாறையில் மோதப் போனது. அக்சிலியா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அப்பாவின் தலை இத்தனை கனம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மேலே காப்பித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மருதாசலம் அவசரத்துக்கு உருவிக்கொண்டு வந்த வேட்டி அது. ஏற்கெனவே நைந்துபோனது. அக்சிலியா முதுகுப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, பதினாலு பேருக்கு வாங்கிய கடலைமிட்டாய், குளுக்கோஸ் பொட்டலம். கடைசியாக, சின்னப் பையில் சுருட்டி வைத்த ஆரஞ்சு நிற நைலான் தூளி விழுந்தது. மேலே காட்சிப்பாறையில் இரண்டு மரத்துக்கு நடுவே அதைக் கட்டுவார்கள். மலையேற வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் படுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

"இது நூத்தம்பது கிலோ தாங்கும்" என்றாள் அக்சிலியா. வந்தவர்களிடம் வாராவாரம் சொல்லும் வாக்கியம். அதே குரலில் வந்துவிட்டது.

மருதாசலம் தூளியை உதறிப் பார்த்தார். சில்வர் ஓக் கம்பின் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினார். நாலு பேர் தூக்கினார்கள். இரண்டு பேர் தோட்டத்து ஆட்கள். மற்ற இரண்டு பேர் மலையேற வந்தவர்கள். அதில் ஒருவன் நந்தகுமார், ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிறவன், இருபத்திநாலு வயது இருக்கும். காலையில் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவன். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்பைச் சுமந்தான். தோள் பழக்கமில்லை, பத்தடிக்கு ஒருமுறை மாற்றினான்.

கடைசியில் மருதாசலம் நடந்தார். அவர் தோளில் சூசைமாணிக்கத்தின் சாக்கு இருந்தது. வழியில் மற்றவர்கள் வீசிப்போட்ட தண்ணி பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுச் சூசைமாணிக்கம் சுமந்து வந்த சாக்கு. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுசன், அதற்கு முன்னால் சாக்கைக் கட்டி ஓரமாக வைத்திருக்கிறார்.

"அக்சி" என்றார் மருதாசலம். "அவன் கடைசியா எங்க பதில் கூவுனான்?"

அவருக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. முப்பது வருடம் இதே தடத்தில் சூசைமாணிக்கத்தோடு மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் தலைச்சுமையாக இறக்கியவர்.

"ஊத்துப்பாறையில" என்றாள் அக்சிலியா.

மருதாசலம் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"ஊத்துப்பாறை மேல இருக்குது. அவன் அதுக்கு அரைப் பர்லாங்கு கீழயல்லோ கெடந்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மருதாசலமும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது.

*

அந்தக் கூவல் மூட்டை தூக்கிய காலத்துப் பழக்கம். ஜீப் பாதை வருவதற்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக மூட்டையோடு இறங்குவார்கள். மார்கழி மூடுபனியில் முன்னால் போகிறவன் முதுகே தெரியாது. காட்டெருமை குறுக்கே வரும், கால் இடறும், பள்ளத்தில் விழுந்தவனை ஊர் போய்ச் சேர்ந்தபிறகுதான் தேடுவார்கள். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். முன்னால் போகிறவன் குறிப்பிட்ட இடங்களில் நின்று கூவ வேண்டும். கடைசியில் வருகிறவன் பதில் கூவ வேண்டும். கடைசி ஆள் இருக்கிறான் என்றால் நடுவில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று கணக்கு.

"நடுவுல இருக்கறவன் வாயத் தொறக்கப்படாது" என்பார் சூசைமாணிக்கம். "தொறந்தான்னா ஆளு போயிரும்."

அக்சிலியா இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம். பெங்களூரில் இருக்கும் ஒரு அலுவலகம் போனிலேயே ஆள் சேர்க்கும். ஞாயிறு விடியற்காலையில் வேன் வந்து கொண்டப்பநாயக்கன்பட்டியின் கடைசி வீட்டுக்கு முன்னால் இறக்கிவிடும். அவள் அவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய ஒற்றையடித் தடத்தில் ஏறுவாள். மரத்தின் பேர், பறவையின் பேர் சொல்வாள். காட்சிப்பாறையில் டிபன், தூளியில் படம், பிறகு காப்பித் தோட்டம், திரும்பும்போது மறுபடி வேன். வரிசைக்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்பது அலுவலகத்தின் சட்டம். முதல் நாள் மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பின்னாலேயே வந்த சூசைமாணிக்கம், அப்படியே கடைசி ஆளாகிவிட்டார். அறுபத்திமூன்று வயதில் அவருக்குக் கம்பெனிச் சட்டையும் பூட்ஸும் கொடுத்தார்கள். விசிலும் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டார்.

"ஏம்ப்பா, கொண்டு வரலாமுல்ல?"

"விசிலு எவன் ஊதுனாலும் விசிலுதான். கொரலு ஒருத்தனுது."

மலையில் அவருக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று எதுவும் இல்லை. வந்தவர்கள் சூரியனைப் பார்த்து ஆவென்று நிற்கும்போது அவர் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். "இதே எடத்துல நாங்க மூட்டைய எறக்கி வெச்சு மூத்தரம் போவோம். இவுங்க காசு கட்டி வந்து போட்டோ புடிக்கறாங்க" என்று வீட்டில் வந்து சிரிப்பார். ஆனால் கவரைக் கண்டபடி வீசினால் விடமாட்டார். "ஏனுங்க, உங்க ஊட்டுல நடு ஊட்டுல இப்படித்தான் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுவார். போன மாதம் அப்படிக் கேட்கப்பட்ட ஒரு பெண், பின்னால் வரும் கிழவர் பீடி நாற்றம், மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று போனில் அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் முதல் கடைசி ஆளாக வேறு பையன் வருவான் என்றார்கள். அக்சிலியா சரி என்றாள். அப்பா மூன்று வருடமாக ஒரு ஆளைக்கூடத் தொலைத்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில் அவளுக்கு மூச்சு விட்டது போல இருந்தது. எங்கே போனாலும் பின்னால் அப்பன் வரும் கைடு அவள் ஒருத்திதான்.

ஞாயிறு விடியற்காலை சூசைமாணிக்கம் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர், நிமிர்ந்து நெஞ்சைத் தேய்த்தார்.

"நேத்துத் தின்ன போண்டா. அடைச்சாப்புல இருக்குது."

அம்மா செல்வமேரி ஓமத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "அப்ப இன்னிக்கு நின்னுக்க. ஞாயித்துக்கெழம பூசைக்கும் போவாம அப்பனும் மகளும் மல மலையின்னு திரியறீங்க."

"நான் நின்னா புள்ள தனியாப் போவோணும்" என்றார் அவர். ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அக்சிலியா தலை வாரிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

வேன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, கடைசி வீட்டைத் தாண்டிய சின்னப் பாலத்தில் வைத்துச் சொன்னாள். "அப்பா, இன்னிக்கோட நீ வர வேண்டாமாம். ஆபீசுல சொல்லிட்டாங்க."

"ஏனாம்?"

"வயசாயிருச்சுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது?"

அவர் சாக்கை உதறினார். அதில் ஒன்றும் இல்லை. மறுபடி மடித்தார். "செரி" என்றார். வேன் வந்தது. பதினாலு பேர் இறங்கிக் கொட்டாவி விட்டார்கள். அவர் வரிசையின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எல்லா வாரமும் கிளம்பும் முன் அவள் கூவலைப் பற்றிச் சொல்வாள். நான் கூப்பிடுவேன், பின்னால் வரும் அய்யா மட்டும்தான் பதில் சொல்வார், வேறு யாரும் சொல்லக்கூடாது என்று. அன்றைக்குச் சொல்லவில்லை. அய்யா என்று அவரைக் கைகாட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பாலத்துக்கு மேலே முதல் கூவல். பதில் வந்தது. அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, முடியும் இடத்தில் பீடிப் புகையில் கருகி உடையும் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் சின்ன வயதில் சாயங்காலம் அடுப்பில் தண்ணி வைப்பாள். மலையடிவாரத்திலிருந்தே கூவிக்கொண்டு வருவார்.

உசிலைமேட்டில் இரண்டாவது கூவல். பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. கொஞ்சம் சன்னமாகவும் இருந்தது. ஆனால் வந்தது.

ஊத்துப்பாறையில் மூன்றாவது. அவள் கூவினாள். பதில் இல்லை. வரிசை இழுத்துக்கொண்டு கிடந்தது. முன்னால் ஏழெட்டுப் பேர், நடுவில் இடைவெளி, பின்னால் உண்ணிப்புதர் மறைப்பில் மற்றவர்கள். மறுபடி கூவினாள். ஒரு நொடி. அப்புறம் புதருக்குப் பின்னாலிருந்து, "ஓஓஓய்!" என்று ஒரு இளங்குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அதைத் தொடர்ந்து நாலு பேர் சிரிக்கும் சத்தம்.

அது அப்பாவின் குரல் இல்லை என்று அக்சிலியாவுக்குத் தெரிந்தது. அதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வீம்பு பிடிக்கிறார், எவனோ பதில் சொல்கிறான், சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கோடு முடிகிற வேலைக்கு எதற்குத் தொண்டை கிழியக் கூவ வேண்டும் என்று வருகிறார். வெயில் ஏறுவதற்குள் பாறைக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிவிட்டால் படத்தில் பள்ளத்தாக்கு வெளுத்துப்போகும் என்று புகார் வரும்.

அவள் நடந்தாள்.

அடுத்த வளைவில் ஒரே ஒரு தரம் கூவினாள். இந்தத் தடவை மூன்று பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததை அவளால் மறக்க முடியவில்லை.

காட்சிப்பாறையில் தலைகளை எண்ணினாள். பதினாலு. அப்பா வரவில்லை. இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்தாள். வரட்டும், மெதுவாக வரட்டும் என்று கால்மணி நேரம் இருந்தாள். அப்புறம்தான் இறங்கினாள். முதலில் நடந்து, பிறகு ஓடி.

அவர் தடத்தில் குப்புறக் கிடந்தார். பூட்ஸைக் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். சாக்கு அதன் அருகில் இருந்தது. தண்ணி பாட்டில் காலியாக இருந்தது. ஆனால் அவர் கிடந்தது அந்த இடத்தில் இல்லை. அங்கிருந்து இருபது முப்பது அடி மேலே. பேண்டின் இரண்டு முட்டியும் மண். உள்ளங்கையில் மண். சரளைக்கல்லில் இழுத்துக்கொண்டு வந்த தடம் கோடு போட்டது போலத் தெரிந்தது.

மேலே ஏறத்தான் பார்த்திருக்கிறார். கீழே இறங்க இல்லை.

*

பெரியாஸ்பத்திரியில் மாலை வரை உட்கார வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் பேரும் வயதும் எழுதிக்கொண்டார். கூட வந்தவர்களில் யார் கடைசியாகப் பார்த்தது என்று கேட்டார். அக்சிலியா தெரியவில்லை என்றாள். நெஞ்சுவலி என்று எழுதிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

பிணவறைக்கு வெளியே டாக்டர் ஒரு நிமிடம் நின்று பேசினார். இளவயசுக்காரர், களைத்திருந்தார். "வலி வந்த உடனே போயிருக்க மாட்டாரும்மா. கொஞ்ச நேரம் இருந்திருப்பார். ஒரு மணி நேரம்கூட இருந்திருக்கலாம்." ஆறுதலுக்குச் சொல்கிறாரா, வெறுமனே தகவலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அக்சிலியா கணக்குப் போட்டாள். ஊத்துப்பாறையில் அவள் கூவியபோது அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. காது நன்றாகக் கேட்கும் மனுசன். அவள் கூவியது கேட்டிருக்கும். இரண்டாவது தரம் கூவியதும் கேட்டிருக்கும். தன் இடத்திலிருந்து வேறொருவன் பதில் சொன்னதும் கேட்டிருக்கும். அப்புறம் அவள் நடந்து போனதும்.

செவ்வாய்க்கிழமை என்று நினைத்தது, திங்கள் மத்தியானமே உடம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

*

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. கூடத்தில் பெட்டி. தலைமாட்டில் சிலுவையும் இரண்டு மெழுகுவர்த்தியும். கோயில் பங்கிலிருந்து வந்த பெண்கள் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். பக்கத்து வீட்டு மயிலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்தால் அவளுக்குப் பேச வேண்டும்.

"என்னத்தப் பாக்கறாங்க மேல போயி? இங்கிருந்து பாத்தா மல தெரியுது. மலையிலிருந்து பாத்தா இந்த ஊரு தெரியுது. இதுக்கு எதுக்கு ஏறோணும்?"

"அவுங்களுக்கு அது ஒரு சந்தோசம்."

"சந்தோசம் ஏறுறவங்களுக்கு. சூசையண்ணன் ஆயுசுக்கும் ஏறுனாரு, என்ன சந்தோசத்தக் கண்டாரு? மூட்டைய எறக்குனா குப்பைய எறக்கு."

செல்வமேரி பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி வாக்கில் ஒரு பைக் வந்து நின்றது. நந்தகுமார். கையில் ஒரு மாலை, பெரிது, ரோஜா மாலை, கல்யாணத்துக்கு வாங்குவது போன்றது. எந்த மாலை வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓசூரிலிருந்து இதற்காகவே ஓட்டி வந்திருக்கிறான். தலை கலைந்து கண் வீங்கியிருந்தது. மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவன், தண்ணி டிரம்மின் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்சிலியாவிடம் வந்து நின்றான்.

"அக்கா. ஒண்ணு சொல்லணும்."

அவள் டம்ளரைக் கவிழ்த்தாள்.

"ஊத்துப்பாறையில... நீங்க ரெண்டு வாட்டி கூப்ட்டீங்க. பதில் வரல. நான்தான் சும்மா கத்தினேன். அங்கிள் பின்னாடி தூரத்துல வர்றார்னு நெனச்சேன். அவர் கீழே கத்துறத ரெண்டு வாட்டி கேட்டேன்ல, அதே மாதிரி கத்திப் பார்த்தேன். அவ்வளவுதான். அது ரூல்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"ம்."

"நேத்து நைட்டெல்லாம் தூங்கல. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா நீங்க நின்னிருப்பீங்க. கீழ எறங்கிப் பார்த்திருப்பீங்க. அவர் இருந்திருப்பார்." அவன் குரல் உடைந்தது. அழும்போது இன்னும் சன்னமாக, பள்ளிக்கூடப் பையனுடையது போல இருந்தது. "உங்களுக்கு அவர் குரல்னுதானக்கா தோணிருக்கும்? நான்னு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பீங்கல்ல?"

டிரம்மின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது. உள்ளே யாரோ புதிதாக வந்து ஒப்பாரி எடுத்தார்கள்.

சொல்லிவிடலாம். மூன்று வார்த்தை. தெரியும், நான்தான் நிக்கல. அவ்வளவுதான். இந்தப் பையன் பைக்கில் ஓசூர் திரும்பும் வழியில் எங்கேயாவது நிறுத்தி ஒரு டீ குடிப்பான். இன்னும் ஐந்து வருடத்தில் இதை மறந்தும் போவான்.

"எனக்குத் தெரியல" என்றாள் அக்சிலியா. "அப்பா கொரலுன்னுதான் நெனச்சேன்."

அவன் தலையாட்டினான். அவன் அதைத்தான் எதிர்பார்த்திருந்தான். அதைக் கேட்கத்தான் பயந்தும் இருந்தான். கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு நேராக உள்ளே போய்ச் செல்வமேரியின் காலடியில் உட்கார்ந்து, அதே கதையை முதலிலிருந்து சொன்னான். கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள். மயிலம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "படுபாவி" என்றது ஒரு ஆண் குரல்.

செல்வமேரி அவனை முழுக்கச் சொல்லவிட்டாள்.

"எந்திரி சாமி" என்றாள். "வெளயாட்டுக்குப் பண்ணுன. உனக்கு என்ன தெரியும்? எந்திரி. சாப்டியா?"

அவன் இன்னும் அழுதான். யாரோ அவனை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். வாசற்படியில் நின்றிருந்த அக்சிலியாவை உரசிக்கொண்டு அவன் போனான். செல்வமேரியின் கண் அவன் முதுகைத் தொடர்ந்து வந்து, வாசற்படியில் நின்றது. அங்கேயே இருந்தது.

"இவனுக்கு நெம்பச் சின்னக் கொரலு" என்றாள் செல்வமேரி.

மறுபடி ஈயை விரட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "சாக்ஸ் எடுத்துட்டு வா. பெட்டி மூடறதுக்குள்ள காலுக்குப் போடோணும்" என்றாள். அக்சிலியா ஓடிப்போய்க் கொடியில் தேடி எடுத்துவந்தாள். கம்பெனி கொடுத்த சாம்பல் நிற சாக்ஸ், குதிகாலில் ஓட்டை. அவள் குனிந்து போட்டுவிடப் போனபோது செல்வமேரி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நான் போட்டுக்கறேன். நீ போ."

*

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போது பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் மலை முழுதாகத் தெரியும். ஊத்துப்பாறை இருக்கும் இடம் ஒரு கறுப்பு மச்சம் போல. அக்சிலியா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

குழி ஆழமாக வெட்டியிருந்தது. மருதாசலம் கம்பெனிப் பூட்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். பங்குச்சாமியார் சரி என்று தலையசைத்தார், மருதாசலம் பெட்டியின் கால்மாட்டில் வைத்தார். மூடி இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண். செல்வமேரி போட்டாள். அக்சிலியா போட்டாள். நந்தகுமார் தூரத்தில் ஒரு சிலுவைக்குப் பின்னால் நின்றிருந்தான். வந்து போடச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மண் மூடி, மாலைகளைப் பரப்பி, மெழுகுவர்த்தி நட்டார்கள். ஜெபம் முடிந்ததும் கூட்டம் சட்டென்று கலைந்தது. எல்லாருக்கும் தாகம். சாமியானாக்காரன் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த தண்ணி பாட்டிலை ஆளுக்கொன்று உடைத்துக் குடித்துவிட்டு, அங்கங்கே போட்டுவிட்டு நடந்தார்கள். செல்வமேரியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை நீண்டு, வேப்பமரத்தைத் தாண்டி, சுவரோரம் வளைந்தது.

அக்சிலியா பின்னால் நின்றாள். புது மண்ணின் மேல் ஒரு பாட்டில் கிடந்தது. எடுத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதையும் எடுத்தாள். போட்டுக்கொள்ளச் சாக்கு இல்லை. துப்பட்டாவை விரித்து அதில் போட்டாள். பக்கத்துக் கல்லறையின் மேல் இரண்டு. குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டே உள்ளே போனாள். கூட்டத்தின் பேச்சு தேய்ந்துகொண்டே போனது.

வாசலில் கோயில் உபதேசியார் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரியில் ஆடுமாடும் குடிகாரர்களும் நுழைகிறார்கள் என்று பொழுது சாய்ந்ததும் பூட்டிவிடுவது வழக்கம். அவர் உள்பக்கம் பார்த்துக் கையைக் குவித்துக் கூவினார்.

"ஓய்... உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

அக்சிலியா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சுங்க!" என்று வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் சொன்னார்.

கேட்டு கிரீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சங்கிலி. அவள் வாயை மூடிக்கொண்டாள். காலடியில் இன்னொரு பாட்டில் கிடந்தது, பாதித் தண்ணியோடு. குனிந்து அதை எடுத்து, மூடியைத் திருகி இறுக்கினாள்.